டேங்கர் லாரி எமர்ஜென்சி போர்டு: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருவாரூர் பைபாஸ் ஓரத்தில் ஸ்டிக்கர் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அதற்கு முன்னால் பிரஷ்ஷும் பெயிண்டுமாக லாரி பாடிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டேங்கர்காரர்கள் வந்தால் கேட்கிற சந்தேகம் எப்போதும் ஒன்றுதான், ஆள்தான் வேறு. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குப் பழக்கமான ஒரு பிரேக் இன்ஸ்பெக்டரிடமும் டிரைவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஒரு சாரிடமும் கேட்டுச் சரிபார்த்து எழுதிவைத்தேன். கேள்விகள் அவரவர் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"அண்ணே, சாய்ச்சு ஒட்டுறீங்களே அந்தச் சிவப்புக் கட்டம், அது போலீஸுக்குக் காட்டவா?"

போலீஸும் பார்ப்பார்கள், ஆனால் அது அவர்களுக்காக ஒட்டுவதில்லை. வண்டி வாய்க்காலுக்குள் சாய்ந்து, நீங்கள் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பேச முடியாமல் இருக்கும்போது, கரையிலிருந்து ஓடி வருகிறவர் படிக்கத்தான் அது. வருகிறவர் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவாக இருக்கலாம், தீயணைப்பு நிலையத்துப் பையனாக இருக்கலாம். உள்ளே இருப்பது பாலா ஆசிட்டா என்று அவர்களுக்கு அந்தப் பலகையை விட்டால் வேறு யார் சொல்வது?

அந்தச் சாய்சதுரத்துக்கு கிளாஸ் லேபிள் என்று பெயர். 45 டிகிரி சாய்வாக இருக்கும், மேல் பாதியில் படம், கீழ்ப் பாதியில் எழுத்து. லேபிள், சரக்கின் பெயர், எண், போன் நம்பர் எல்லாம் சேர்ந்த முழுப் பலகைதான் எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன் பேனல். கடையில் எமர்ஜென்சி போர்டு என்றால் போதும். இதெல்லாம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 129 முதல் 137 வரை உள்ள விதிகளில் வருகிறது.

"எந்த லோடுக்கெல்லாம் வேணும்? பெட்ரோல், கேஸ் மட்டும்தானே?"

இல்லை. ஐ.நா. முறையில் ஒன்பது வகை இருக்கிறது. நம் பக்கத்து ரோட்டில் ஓடுவதை வைத்தே சொல்லிவிடலாம். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் சிவகாசியிலிருந்து வரும் வெடி வகை 1. சமையல் கேஸ், அமோனியா, குளோரின் போன்ற வாயுக்கள் வகை 2. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், குத்தாலம், கமலாபுரம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து போகிற கச்சா எண்ணெய் எல்லாம் வகை 3. விஷத்தன்மையுள்ள பூச்சி மருந்து வகை 6. கந்தக ஆசிட், காஸ்டிக் சோடா லை வகை 8. தீப்பற்றும் திடப்பொருள் 4, ஆக்ஸிஜன் கொடுத்து நெருப்பைத் தூண்டிவிடும் பொருள் 5, கதிரியக்கம் 7, மற்றதெல்லாம் 9.

யூரியா மூட்டை இதில் வராது. பூச்சி மருந்து வரும். உரக்கடைக்கு ஒரே வண்டியில் இரண்டையும் ஏற்றி வருகிறவர்கள் 'உர லோடுதானே' என்று வந்து நிற்பார்கள். பில்லைக் காட்டச் சொல்லித்தான் நான் வேலையை ஆரம்பிப்பது.

"எத்தனை இடத்துல ஒட்டணும்? சைஸ் என்ன? கொஞ்சம் சின்னதா போட்டா ரேட்டு குறையுமில்ல?"

மூன்று இடம்: இரண்டு பக்கவாட்டிலும் பின்னாலும். அளவு 134ஆம் விதியில் இருக்கிறது. கிளாஸ் லேபிள் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் குறைந்தது 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், வகை எண் 100 மில்லிமீட்டர் உயரத்தில். விபத்தானால் கூப்பிட வேண்டிய அவசர சேவையின் பெயரும் போன் நம்பரும் 50 மில்லிமீட்டரில். அதோடு சரக்கை அனுப்புகிறவர், அல்லது அந்தச் சரக்கைப் பற்றி விவரம் தெரிந்து யோசனை சொல்லக்கூடிய ஒருவர், இவர்களின் பெயரும் நம்பரும்.

போன வருஷம் ஒரு டிரைவர் தம்பி, "பக்கத்து ஊர்ல முந்நூறு ரூபா கம்மிண்ணே" என்று அங்கே அடித்த போர்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். இரும்பு ஸ்கேலை எழுத்தின் மேல் வைத்தேன். 34 மில்லிமீட்டர். லேபிள் 180. "ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுதான்ணே, பளபளன்னு இருக்கு" என்றார். பளபளப்புக்கு விதியில் மார்க் கிடையாது. மூன்று பலகையையும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டினோம். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு தடவை காசு கொடுத்தார்.

"போர்டுல 1203, கீழே 3ஒய்இ-ன்னு போடுறீங்களே, அது ஏதாச்சும் பர்மிட் நம்பரா?"

எல்லாக் கேள்வியிலும் எனக்குப் பிடித்தது இதுதான். நாலு இலக்க எண் ஐ.நா. எண். பெட்ரோல் என்றால் உலகம் முழுக்க 1203. டீசல் 1202, கச்சா எண்ணெய் 1267, எல்.பி.ஜி. 1075, நீரற்ற அமோனியா 1005, குளோரின் 1017, கந்தக ஆசிட் 1830. சரக்கின் பெயர் பாதி அழிந்துபோயிருந்தாலும் இந்த நாலு இலக்கம் தெரிந்தால் தீயணைப்பு ஆட்கள் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

3ஒய்இ என்பது ஹாஸ்கெம் குறியீடு. முதலில் வரும் எண், எதை வைத்து அணைப்பது என்று சொல்கிறது: 1 என்றால் நேராகப் பீய்ச்சும் தண்ணீர், 2 என்றால் மூட்டம் போலத் தெளிக்கும் தண்ணீர், 3 நுரை, 4 உலர்ந்த பொருள். அடுத்து வரும் எழுத்து, அணைக்கப் போகிறவருக்கு என்ன பாதுகாப்பு வேண்டும், சிந்தியதை என்ன செய்வது என்று சொல்கிறது. பி, ஆர், எஸ், டி என்றால் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து விடலாம். டபிள்யூ, எக்ஸ், ஒய், இஸட் என்றால் கழுவி விடவே கூடாது, அணை கட்டித் தடுக்க வேண்டும். கடைசியில் இ இருந்தால் சுற்றியிருக்கும் ஜனங்களை வெளியேற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இந்தத் 'தடு' என்கிற எழுத்தை நம் ஊரில் பாதிப்பேர் கவனிப்பதில்லை. இங்கே ரோட்டுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வடிகால். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும், அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆறு திறந்துவிட்ட மாதத்தில் ரோட்டில் சிந்தியதை நல்லெண்ணத்தோடு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால், அது மதகு தாண்டி அடுத்த ஊர் நாற்றங்காலுக்குப் போய்விடும். அங்கே கரையில் ஒருவர் பீடி பற்றவைத்தால் என்ன ஆகும்? மண்ணை வெட்டிப் போட்டு மறிப்பதுதான் முதல் வேலை.

"மாட்டினா ஃபைன் எவ்ளோ? ஸ்பாட்லயே கட்டிட்டுப் போயிடலாம்ல?"

மோட்டார் வாகனச் சட்டம் 190(3)ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவை 10,000 ரூபாய், மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழப்பு, அல்லது ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மறுபடி மாட்டினால் 20,000 ரூபாய், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு 3,000 ரூபாய் வரைதான். பழைய ஆட்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே பேசுகிறார்கள்.

ஸ்பாட்டில் கட்டி முடிக்கிற குற்றங்களை 200ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. அதில் சத்தம், புகை சம்பந்தப்பட்ட 190(2) இருக்கிறது, 190(3) இல்லை. அதனால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். வண்டி நிற்கிற நாளைக்கு வாடகை போகும், அனுப்பிய கம்பெனி அடுத்த லோடு தருவதற்கு யோசிக்கும். ஃபைனைவிட அதுதான் பெரிய அடி.

"போர்டு இல்லைன்னா டிரைவர் என்ன பண்ணுவான்? முதலாளிதானே மாட்டணும்?"

பலகையை மாட்டிக் கொடுக்க வேண்டியது வண்டிக்காரர்தான். ஆனால் சட்டம் 'ஓட்டுகிறவரும், ஓட்டவைக்கிறவரும், ஓட்ட அனுமதிக்கிறவரும்' என்று மூன்று பேரையும் ஒரே வாக்கியத்தில் பிடிக்கிறது. சரக்கை அனுப்புகிறவருக்கு 131ஆம் விதி, டிரான்ஸ்போர்ட்காரருக்கு 132, டிரைவருக்கு 133. அனுப்புகிறவர் சரக்கைப் பற்றிய முழு விவரத்தையும் கொடுக்க வேண்டும். வண்டிக்காரர் அதை டிரைவருக்குப் புரியும்படி சொல்லிக்கொடுக்க வேண்டும். டிரைவர் அதன்படி நடக்க வேண்டும்.

நடைமுறையில் ரோட்டில் நிற்பது டிரைவர்தானே, அவர் பெயர்தான் முதலில் ஏறும். "போர்டு இல்லாம வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சொல்கிற டிரைவருக்கு வேலை போகும் பயம் இருக்கத்தான் செய்கிறது. லோடு ஏற்றுவதற்கு முன்னால் மூன்று பக்கமும் போட்டோ எடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்பேன். சண்டை போடாமலே எழுத்தில் ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

"டிரெம் கார்டு டூல் பாக்ஸ்ல பத்திரமா இருக்கு. போதுமா?"

போதாது. டிரான்ஸ்போர்ட் எமர்ஜென்சி கார்டைத்தான் டிரெம் கார்டு என்கிறோம். சரக்கு வண்டியில் இருக்கும்வரை அது டிரைவர் கேபினில் இருக்க வேண்டும் என்று 133ஆம் விதி சொல்கிறது. தீப்பிடித்த வண்டியின் பின்பக்கம் போய் டூல் பாக்ஸைத் திறக்க யாராலும் முடியாது.

இன்னொன்று: எந்த லோடோ அந்த லோடுக்கான கார்டு. ஒரு வண்டியில் சன்வைசருக்குப் பின்னால் நாலு கார்டு ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது, காஸ்டிக்கில் ஆரம்பித்து எல்லாம். "எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருக்கேன்" என்றார். அவசரத்தில் உருவுகிறவர் கைக்குத் தப்பான கார்டு வந்தால் கார்டே இல்லாததைவிட மோசம்.

"என்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு. அப்புறம் ஹசார்டஸ் தனியா எதுக்கு?"

9ஆம் விதிப்படி மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும், லைசென்ஸில் அது பதிவாக வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்பு இந்த லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், 2019 திருத்தம் அதை மூன்று வருஷமாக்கியது. பலகை சரியாக இருந்து பதிவு மட்டும் இல்லையென்றாலும் கேஸ் வரும், விபத்தானால் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

"லோடு இறக்கியாச்சு, டேங்க் காலி. ஸ்டிக்கரை எடுத்துட்டு ஓட்டலாமா?"

டேங்கைக் கழுவி ஆவி போக்கினீர்களா என்பதுதான் கேள்வி. பெட்ரோல் இறக்கிய டேங்கில் திரவம் இல்லாவிட்டாலும் ஆவி நிறைந்திருக்கும். எரிவது ஆவிதான். நிறைந்த டேங்கில் அதற்கு இடமே இல்லை, காலி டேங்கில் காற்றோடு கலந்து தயாராக நிற்கிறது. வெல்டிங் பட்டறையில் காலி டேங்கர் வெடித்த கதை எந்த டிரைவரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார். ஐ.நா. வெளியிட்டிருக்கும் மாதிரி விதிகளும் சுத்தம் செய்யாத காலி டேங்குக்கு லோடு இருப்பதுபோலவே லேபிள் இருக்க வேண்டும் என்கின்றன.

அதே சமயம், முழுக்கச் சுத்தம் செய்து வேறு சரக்கு ஏற்றிவிட்டுப் பழைய போர்டோடு ஓட்டுவதும் தப்பு. அந்தந்த டிரிப்பில் போகிற சரக்குக்கான ஸ்டிக்கர் வேண்டும் என்று 134ஆம் விதியிலேயே இருக்கிறது.

"எனக்கு மூணு சேம்பர். ரெண்டுல டீசல், ஒண்ணுல பெட்ரோல். எதைப் போடுறது?"

இரண்டும் வகை 3, அதனால் லேபிள் ஒன்றுதான். பெயரை இரண்டாகவும் எழுதச் சொல்வேன். ஒரே ஒரு பெயரைப் போட இடமிருந்தால் அது டீசலாக இருக்கக் கூடாது. டீசல் என்று படித்துவிட்டு நிதானமாகப் பக்கத்தில் வருகிறவர் பெட்ரோல் ஆவிக்குள் நடப்பார். அமெரிக்க விதியிலும் பெட்ரோலும் டீசலும் சேர்ந்து போனால் சீக்கிரம் பற்றக்கூடியதன் எண்ணைப் போட்டால் போதும் என்றுதான் இருக்கிறது.

"போர்டு இருக்கு, சேறு அடிச்சிருக்கு அவ்ளோதான். அதுக்கும் கேஸா?"

ஆமாம். லேபிளும் பலகையும் எப்போதும் சுத்தமாக, எதுவும் மறைக்காமல் இருக்க வேண்டும் என்று அதே 134ஆம் விதியில் எழுதியிருக்கிறது. மழைக்காலத்தில் தஞ்சாவூர் ரோட்டில் வேலை நடக்கும் இடங்களைத் தாண்டி வந்தால் பின்பக்கப் போர்டு களிமண் தட்டாகிவிடும். ஒரு பழந்துணி, அரை பாட்டில் தண்ணீர், ஒரு நிமிஷம்.

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் வருகிற வண்டிகளைப் பார்க்க வேண்டுமே. மண்டை ஓட்டுப் படத்துக்கு நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம், 1203இல் மூன்றின் மேல் விபூதிப் பட்டை. சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பக்க பம்பரில் போர்டு கிடையாது, பொட்டை அங்கே வையுங்கள்.

"அறுவடை மெஷினுக்கு டாடா ஏஸ்ல பத்து கேன் டீசல் எடுத்துட்டுப் போறேன். எனக்குமா போர்டு?"

இரண்டு சட்டம் இதில் குழம்புகிறது. பெட்ரோலியச் சட்டத்தில் டீசல் 'பி' வகுப்பு. மொத்தம் 2,500 லிட்டருக்கு மேல் போகாமல், எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டருக்கு மேல் இல்லாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். பெட்ரோல் 'ஏ' வகுப்பு, அதற்கு வரம்பு 30 லிட்டர்தான். இருபது லிட்டர் கேன் பத்து என்றால் உங்களிடம் 200 லிட்டர், அந்தச் சட்டத்தில் பிரச்சினையில்லை.

ஆனால் மோட்டார் வாகன விதியில் 'இத்தனை லிட்டருக்கு மேல்தான்' என்று எல்லை எதுவும் போடவில்லை. ஒவ்வொரு பொதியிலும் லேபிள் வேண்டும் என்றும் இருக்கிறது. அறுவடை நேரத்தில் விவசாயியை நிறுத்தி யாரும் மில்லிமீட்டர் அளப்பதில்லை என்பது வேறு விஷயம். கேனுக்கு ஒரு சின்ன வகை 3 ஸ்டிக்கர் ஒட்டுங்கள், நான் காசு வாங்குவதில்லை. கேன் மேல் ஆட்களை மட்டும் உட்காரவைக்காதீர்கள்.

"ஐஸ் கம்பெனிக்கு அமோனியா, தண்ணி டேங்குக்கு குளோரின். ரெண்டும் கேஸ் சிலிண்டர்தானே, ஒரே போர்டு போதாதா?"

நாகப்பட்டினம் பக்கம் ஐஸ் பிளாண்ட்டுகளுக்கு அமோனியா போகிறது. குடிநீர்த் திட்டங்களுக்கு 900 கிலோ குளோரின் பிடிக்கும் 'டன்னர்' போகிறது. இரண்டும் நச்சு வாயு, லேபிளில் மண்டை ஓடு வரும். ஆனால் கசிந்தால் செய்ய வேண்டியது ஒன்றில்லை. அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், தண்ணீரைத் திரையாகத் தெளித்து ஆவியை அடக்கலாம். குளோரின் கசிகிற ஓட்டையில் தண்ணீர் பட்டால் அரிப்பு கூடி ஓட்டை பெரிதாகும். அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தரையாக ஊர்ந்து வரும், மேடான இடத்துக்குத்தான் ஓட வேண்டும். அதனால் 1005, 1017 என்று தனித்தனிப் பலகைதான்.

"விபத்தாயிட்டா முதல்ல யாருக்கு போன்? முதலாளிக்குத்தானே?"

112 அல்லது 101. அப்புறம் முதலாளி. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும், வண்டி உரிமையாளருக்கும் சொல்ல வேண்டும் என்று 136ஆம் விதி சொல்கிறது. சமையல் கேஸ் கசிவுக்கு 1906 இருக்கிறது. ஊர் ஜனங்களைத் தூரத்தில் நிறுத்துவதும் உங்கள் வேலைதான். 2017 ஜூனில் பாகிஸ்தானில் பஹாவல்பூர் பக்கம் கவிழ்ந்த டேங்கரிலிருந்து ஓடிய பெட்ரோலைக் குடத்தில் பிடிக்கப் போய் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் தீயில் செத்தார்கள். நம் ஊரிலும் குடம் எடுத்து வருவார்கள்.

போர்டில் இருக்கும் நம்பரைப் பற்றி என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரான்ஸ்போர்ட் வண்டிக்குப் பழைய போர்டைப் பார்த்து அப்படியே புதுசு அடித்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அந்த வண்டி ஒரு வளைவில் வாய்க்காலுக்குள் சாய்ந்தது. நல்லவேளை, கசிவு இல்லை. ஊர்க்காரர் ஒருவர் போர்டைப் பார்த்து கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது ஒரு வயசான அம்மா: "தம்பி, எம்புள்ள அந்த வேலைய விட்டு ரெண்டு வருஷமாச்சே." அதிலிருந்து ஒட்டுவதற்கு முன்னால் நம்பர் ஒவ்வொன்றையும் நானே அடித்துப் பேசிப் பார்க்கிறேன். யாரும் எடுக்கவில்லையென்றால் போர்டு கடையை விட்டுப் போகாது.

"நைட்டு ஹோட்டல்ல நிறுத்திட்டுத் தூங்குறேன். போர்டு வெளிச்சத்துல தெரியுது, அப்புறம் என்ன?"

133ஆம் விதியை இன்னொரு தடவை பாருங்கள். நிற்கும்போதும் தீ, வெடிப்பு அபாயம் இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். உங்களுடைய, அல்லது பதினெட்டு வயசு தாண்டிய விவரமான ஒருவருடைய கண்காணிப்பில் வண்டி இருக்க வேண்டும். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் டேங்கரை விட்டுவிட்டு, பதினாறு வயசுக் கிளீனரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கட்டிலில் படுப்பது இரண்டு விதத்திலும் தப்பு.

"மச்சான் அமெரிக்காவுல டிரக் ஓட்டுறான். அங்க ஒரு அளவுக்குக் கீழே போர்டே வேணாமாமே?"

பாதி உண்மை. அங்கே இதை பிளக்கார்டு என்கிறார்கள், அதுவும் 250 மில்லிமீட்டர்தான், ஆனால் நாலு பக்கமும் வேண்டும். வெடிபொருளில் சில வகை, நச்சு வாயு போன்றவைக்கு எவ்வளவு குறைவாக இருந்தாலும் கட்டாயம். டேங்கில் இல்லாமல் டிரம், பெட்டியாகப் போகிற மற்ற பல சரக்குகளுக்கு மொத்தம் 454 கிலோவுக்குக் கீழே இருந்தால் விலக்கு உண்டு. உங்கள் மச்சான் சொல்வது அதை. நம் விதியில் அந்த மாதிரி விலக்கு இல்லை, மேலே டாடா ஏஸ் கதையில் பார்த்தோமே.

"டவுனுக்குள்ள போகும்போது மட்டும் திருப்பிக்கிற மாதிரி போர்டு செஞ்சு தருவீங்களா?"

மடக்கு போர்டு செய்வேன், ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் டீசல் என்று, சரக்கு மாறுகிறவர்களுக்காக. இரண்டு போல்ட் போட்டு முறுக்கித்தான் தருவேன், ஸ்பேனர் இல்லாமல் திரும்பாது. ஒரு பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லிக் கேட்கிறவர்களுக்குச் செய்வதில்லை. நகரத்துக்குள் நுழையத் தடை இருக்கும் நேரம் எது என்று முந்தின நாளே கேட்டுக்கொண்டு பைபாஸைப் பிடியுங்கள். கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை லீவு. வரும்போது பில்லும் டிரெம் கார்டும் எடுத்து வாருங்கள்.